பதினோராவது கொடி

அந்தப் பச்சையைப் பார்த்தாலே அபிநயாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தால் இருட்டாகத் தெரியவேண்டிய தட்டு, நாற்றங்கால் மாதிரி பச்சைப் பசேலென்று கிடந்தது. சர்க்கரை ஊற்றாத தட்டு அது. மருந்தும் ஊற்றவில்லை. யார் வம்புக்கும் போகாமல் சும்மா இருக்கவேண்டிய தட்டுக்கு என்ன கேடு வந்தது என்று இப்படி ஜொலிக்கிறது? எட்டு மாதமாக அவள் இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். தட்டும் எட்டு மாதமாக ஒரே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

அவளுடைய ஆராய்ச்சியைச் சொல்லிப் புரியவைப்பது பெரிய காரியமில்லை. ரத்தக் குழாயின் உட்பக்கத்தில் ஒரே ஒரு வரிசையாகச் செல்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, மெழுகிய தரை மாதிரி. ரத்தத்தில் சர்க்கரை கூடினால் அந்தத் தரை கொதித்துப் புண்ணாகிறது. செல்லுக்குள் ஆக்சிஜன் கெட்டுப்போய் கண்டதையெல்லாம் அரிக்கிறது. அரிப்பு இருக்கிற இடத்தில் மட்டும் பச்சையாக ஒளிரும் ஒரு சாயம் இருக்கிறது. ஊரில் பாதிப் பேர் காலையும் இரவும் விழுங்குகிற மெட்ஃபார்மின் மாத்திரை, சர்க்கரையைக் குறைப்பதோடு நிற்கிறதா, அல்லது இந்த அரிப்பையும் தானே நேராக அடக்குகிறதா? தட்டில் சர்க்கரையின் அளவு மாறப்போவதில்லை. மாத்திரையைக் கரைத்து ஊற்றியதும் பச்சை மங்கினால், அது மாத்திரையின் சொந்த வேலை. அவ்வளவுதான்.

அந்த உட்தரைச் செல்களை எங்கிருந்து எடுப்பது? தொப்புள்கொடியிலிருந்து. கொடிக்குள் ஓடுகிற குழாயைக் கழுவினால் செல்கள் உதிர்ந்து வரும். அதற்காகத்தான் அவள் வாரத்துக்கு இரண்டு நாள் சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு தனியார் பிரசவ ஆஸ்பத்திரி வாசலில் ஐஸ் பெட்டியோடு நின்றாள். இதுவரை பதிமூன்று கொடி கிடைத்திருந்தது. அதில் இரண்டு மட்டும் ஒழுங்காக இருட்டாக இருந்தன. மீதிப் பதினொன்றும், சர்க்கரை ஊற்றும் முன்பே, பிறந்ததிலிருந்தே கொதித்துக்கொண்டிருப்பது போலப் பச்சை.

அவள் தலைகீழாக நின்று பார்த்துவிட்டாள். செல்லுக்குப் போடுகிற தீனியை மாற்றினாள். சாயத்தை மாற்றினாள். கையுறை, குழாய், தண்ணீர் எல்லாவற்றையும் மாற்றினாள். கொடி கொடுத்த தாய்மார்களுக்கே சர்க்கரை இருக்குமோ என்று ஒருமுறை சந்தேகம் வந்தது. வந்த வேகத்திலேயே போய்விட்டது. படிவத்தில் எல்லோருக்கும் ‘சர்க்கரை: இல்லை’ என்றுதான் இருந்தது. அதைவிடப் பெரிய சாட்சி பதினோராவது கொடி. அது அவளுடைய சொந்த அக்கா ஜோதிகாவின் கொடி. அக்காவுக்கு ஒரு சளி பிடித்தால்கூட அபிநயாவுக்குத் தெரியும். அந்தக் கொடியே பச்சையாக ஒளிர்கிறதென்றால், கோளாறு கொடியில் இல்லை, தன் கையில்தான் இருக்கிறது என்று அவள் முடிவுகட்டிவிட்டாள்.

அவளுடைய பேராசிரியர் ஜெபகுமாரும் அதையே வேறு மாதிரி சொன்னார்.

“கை சரியில்லம்மா உனக்கு. சரி, போவட்டும். அந்தப் பதினொண்ணையும் தூக்கிப் போடு. நல்லா வந்தது ரெண்டு இருக்குதுல்ல? இன்னும் ஒண்ணே ஒண்ணு நல்லதா எடுத்துக்கினு வா. மூணு இருந்தா கிராஃப் போட்டுடலாம்.”

“பதினொண்ணு ஏன் சார் அப்படி வந்துச்சு?”

“அதைக் கண்டுபிடிக்கிறதுக்கு நீ இன்னொரு பிஎச்டி பண்ணு. முப்பத்தொண்ணாம் தேதி ஞாபகம் இருக்குதா?”

ஞாபகம் இல்லாமல் என்ன! ஆய்வேட்டைக் கொடுக்க மூன்றாவது நீட்டிப்பு அது. இனிமேல் கிடையாது, தவறினால் பதிவு ரத்து என்று பல்கலைக்கழகம் கடிதமே போட்டுவிட்டது. ஐந்து வருஷ உழைப்பு. கொடியிலிருந்து செல் வளரப் பத்து நாள், சோதனைக்கு ஒரு வாரம், எழுதி முடிக்க நாலு நாள். அபிநயா விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். இன்றைக்குக் கொடி கிடைத்தால் உண்டு. இன்றைக்கு விட்டால் எல்லாம் போச்சு.

ஐஸ் பெட்டியையும் கொடியைப் போட்டுவைக்கும் உப்புநீர்ப் பாட்டிலையும் ஸ்கூட்டியின் முன்னால் வைத்துக்கொண்டு அவள் சின்ன காஞ்சிபுரத்துக்கு வந்து சேர்ந்தபோது மணி பதினொன்றரை. ஆஸ்பத்திரியின் பின்பக்கம் எல்லம்மாள் துணி அலசிக்கொண்டிருந்தாள். பிரசவ அறையில் இருபது வருஷமாக வேலை பார்க்கிறவள். டாக்டர் அனுமதி கொடுத்தது பெயருக்குத்தான். கொடியை உண்மையில் வாங்கிக் கொடுத்தது எல்லம்மாள்.

அது லேசான வேலையில்லை. இந்தப் பக்கத்தில் தொப்புள்கொடியோடு விழும் நஞ்சுக்கொடியை யாரும் குப்பைக்கு விடுவதில்லை. தாத்தா காலத்து வீட்டை விற்று ஃபிளாட்டுக்குப் போனவர்கள்கூட, அதை மட்டும் ஒரு சட்டியில் போட்டு மூடி, பஸ் ஏறி ஊருக்குக் கொண்டுபோய்க் கொல்லையில் ஆழமாகப் புதைத்துவிட்டு வருவார்கள். நாய் கிளறிவிட்டால் பிள்ளைக்கு ஆகாது. அப்படிப்பட்டவர்களிடம் போய் ‘ஆராய்ச்சிக்குக் கொடுங்கள்’ என்று அபிநயா முதல் மாதம் கேட்டபோது, அடிக்காத குறையாக விரட்டினார்கள். அப்புறம்தான் எல்லம்மாள், “நீ தள்ளு, நான் கேக்குற மாரி கேக்குறேன்” என்று பொறுப்பெடுத்துக்கொண்டாள். எப்படிக் கேட்கிறாள் என்று அபிநயா விசாரித்ததில்லை. கிடைத்தால் போதும் என்றிருந்தது.

“எல்லம்மா, இன்னைக்கு எத்தனை கேஸு?”

“ரெண்டு இருக்குதும்மா. ஆனா அதுங்க உனக்கு ஆவாது.”

“ஏன்?”

“ரெண்டுத்துக்கும் சக்கரை இல்லியே. அதுங்க எதுக்குத் தரும்? வியாழக்கிழமை வா. வாலாஜாபாத்துலேருந்து ஒண்ணு வருது, நல்ல சக்கரை. வாங்கித் தரேன்.”

அபிநயாவுக்கு முதலில் காது கேட்டது, மூளைக்குப் போகவில்லை.

“இன்னா சொன்ன?”

“சக்கரை இருக்குற பொண்ணு வருதுன்றேன். உனக்கு அதானே வேணும்? நீ சக்கரை மருந்துதானே ஆராய்ச்சி பண்ற?” எல்லம்மாள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொள்ளும் குரலில் சொன்னாள். “சும்மா கேட்டா எவ தருவா? மாசமா இருக்கும்போது சக்கரை வந்து மாத்திரை போட்டுக்கினு கஸ்டப்படுதே, அந்தப் பொண்ணோட அம்மாகிட்டப் போவேன். ‘உன் பொண்ணு பட்ட கஸ்டம் இன்னொருத்திக்கு வரக்கூடாதுன்னு ஒரு பொண்ணு மருந்து கண்டுபிடிச்சிக்கினு இருக்குது, அந்தக் கொடியைக் குடும்மா’ன்னு சொல்லுவேன். கண்ணுல தண்ணி வுட்டுக்கினு தருவாங்க.”

அபிநயா ஐஸ் பெட்டியைக் கீழே வைத்தாள்.

“எல்லாமேவா? பதிமூணுமேவா?”

“ரெண்டு மட்டும் இல்ல. ஒண்ணு, புருசன்காரன் மட்டும் இருந்தான், ஊட்ல பெரியவங்க யாரும் இல்ல, எடுத்துக்கோன்னுட்டான். இன்னொண்ணு வடநாட்டுப் பொண்ணு. மத்ததெல்லாம் நான் பொறுக்கிப் பொறுக்கி உனக்குன்னு வாங்குனது.”

“அப்ப ஃபார்ம்ல ஏன் சக்கரை இல்லைன்னு போட்டீங்க?”

“மாசமா இருக்கும்போது வர்றது ஒரு சக்கரையா? பெத்தா போயிடும். அத்தப் போயி நோயின்னு எழுதுவாங்களா, ஒரு பச்ச ஒடம்புக்காரி பேர்ல?” எல்லம்மாளுக்கு உண்மையாகவே விளங்கவில்லை. “ஏம்மா, மூஞ்சி ஏன் இப்டிப் போவுது? எதுனா தப்பா?”

யாரைத் திட்டுவது? அபிநயாவுக்கு வாய்வரை வந்தது. எட்டு மாதம் எல்லம்மா, எட்டு மாதம் நான் கையுறையை மாற்றி மாற்றிச் செத்தேன் என்று கத்தவேண்டும் போலிருந்தது. ஆனால் எதிரே நிற்கிறவள் ஒரு காசு வாங்காமல் பதிமூன்று குடும்பத்தின் காலில் விழாத குறையாகக் கேட்டு வாங்கித் தந்தவள். படிவத்தைத் தயாரித்தவள் அபிநயா. ‘கர்ப்ப காலத்தில் வந்த சர்க்கரையும் சேர்த்து’ என்று ஒரு வரி போட மறந்தவளும் அபிநயா. கேட்கிறது எப்படி என்று ஒரு நாளாவது பக்கத்தில் நின்று பார்க்காதவளும் அவளேதான். கோபம் சுற்றிச் சுற்றி அவளிடமே வந்து நின்றது.

தாயின் சர்க்கரையில் பத்து மாதம் ஊறிய குழாய் அப்படித்தான் இருக்கும். தட்டுக்கு வந்தபிறகும் பட்டதை மறக்காது. செல்கள் ஒன்றும் பொய் சொல்லவில்லை. அவள்தான் நம்பவில்லை.

ஏன் நம்பவில்லை என்று யோசித்தபோதுதான் சுருக்கென்றது. பதினோராவது கொடி.

“எல்லம்மா, எங்க அக்கா ஜோதிகா. கருட சேவை அன்னைக்கு. அவளுக்கும்…?”

எல்லம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். “ஐயோ, உங்கிட்ட சொல்லவேணாம்னு என் கைய புடிச்சி சத்தியம் வாங்கிச்சே.”

அபிநயா ஐஸ் பெட்டியைத் தூக்கினாள். போகிற போக்கில், “அந்த ரெண்டு கேஸுல ஒண்ணைக் கேட்டுப் பாரு எல்லம்மா. சக்கரை இல்லாததுதான் எனக்கு வேணும். இன்னைக்கே வேணும். என் உயிரே அதுலதான் இருக்குது” என்றாள்.

“இத்த மொதல்லயே சொல்லியிருந்தா! சரி, கேட்டுப் பாக்குறேன். கொடி விழுந்ததும் போன் பண்றேன். அரை மணிக்குள்ள வந்துடு, பாட்டில் உங்கிட்டதான் இருக்குது.”

பெரிய காஞ்சிபுரத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்கு ஸ்கூட்டி போய்க்கொண்டிருந்தபோது அபிநயாவுக்கு அந்த வைகாசி நாள் வரிசையாக ஞாபகம் வந்தது. வரதர் கருடன்மேல் வீதிக்கு வந்திருந்தார். பஸ் இல்லை, ஆட்டோ இல்லை. அக்காவின் கொடியை ஐஸ் பெட்டியில் வைத்து இடுப்பில் இடுக்கிக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து நடந்தாள். யாரோ ஒருவர் “பாப்பா, ஐஸ் எவ்ளோ?” என்றுகூடக் கேட்டார். அன்றைக்கு அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். அக்கா மாமியாரோடு மல்லுக்கட்டி வாங்கிக் கொடுத்த கொடி. முதல் பேரனுடைய கொடியை ஊர்க் கொல்லையில்தான் புதைக்கவேண்டும் என்று மாமியார் தேவகி ஒரே பிடியாக நின்றார். ஜோதிகா வலியோடு வலியாக, “அது என் தங்கச்சிக்கு” என்று சொல்லிவிட்டாள். தேவகி ஒரு மாதம் மருமகளிடம் முகம்கொடுத்துப் பேசவில்லை.

ஜோதிகா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள். வீட்டில் வேறு யாரும் இல்லை. மாமியார் செய்யாறு பக்கம் ஒரு சாவுக்குப் போயிருந்தார், சாயந்திரம் வந்துவிடுவார். கணவர் லோகேஸ்வரனுக்கு ஒரகடத்தில் கம்பெனி ஷிஃப்ட்.

“வா அபி. கோயில் இட்லி இருக்குது, சாப்புடுறியா?”

“மாசமா இருக்கும்போது உனக்குச் சக்கரை இருந்துச்சா?”

ஜோதிகா குழந்தையைப் பாயில் விட்டாள். பக்கத்தில் இருந்த ஒரு லிட்டர் பாட்டிலை எடுத்துக் கடகடவென்று பாதிக்கு மேல் குடித்தாள்.

“இருந்துச்சா இல்லியாக்கா?”

“இருந்துச்சு. மாத்திரை குடுத்தாங்க. அதான் பெத்ததும் போயிடும்னாங்களே, இப்ப எதுக்கு அது?”

“எதுக்கா? எட்டு மாசம் போச்சுக்கா! உன்னோடது சுத்தம்னு நம்பித்தான் நான் என் கையை வெட்டிப் போடலாம்னு இருந்தேன். ஒரு வார்த்தை! என்கிட்ட ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? மாமியாருக்குத் தெரியக்கூடாதுன்னா சரி. நான் யாரு உனக்கு?”

“கத்தாதடி, கொழந்தை பயப்படுது.”

“கத்துவேன்! என் படிப்பே போவப்போவுது, கத்தாம என்ன பண்ணச் சொல்ற?”

ஜோதிகாவுக்கும் கோபம் வந்துவிட்டது. “நீதானடி சொன்ன! அன்னைக்கு வீட்டுக்கு வந்து, ‘ஒரு நோய் நொடி இல்லாதவங்க கொடி ஒண்ணு கெடச்சா போதும், தப்பிச்சுடுவேன்’னு அழுதது யாரு? சக்கரைன்னு சொன்னா என்னுது வேணாம்னுடுவ. பத்து வருசமா நீ படிக்கிற, நான் என்னாடி செஞ்சிருக்கேன் உனக்கு? ப்ளஸ் டூவோட நின்னவ. என்கிட்ட குடுக்குறதுக்கு அது ஒண்ணுதான் இருந்துச்சு. அதுவும் வேணாம்னு ஆயிடக்கூடாதுன்னுதான் சொல்லல, போதுமா?”

இவளை அபிநயா என்ன சொல்லித் திட்டுவது? எல்லம்மாளையும் திட்டமுடியவில்லை, இவளையும் திட்டமுடியவில்லை. இத்தனை பேர் இத்தனை ஆசையாகச் சேர்ந்து அவளைக் கவிழ்த்திருந்தார்கள். எரிச்சலைக் கொட்ட ஒரு கெட்ட மனுஷர்கூட அவளுக்குக் கிடைக்கவில்லை.

ஜோதிகா மீதித் தண்ணீரையும் குடித்தாள். அப்போதுதான் அபிநயா அவளைச் சரியாகப் பார்த்தாள். அக்காவின் கன்னம் ஒட்டியிருந்தது. தோள்பட்டையில் ஜாக்கெட் தொளதொளவென்று தொங்கியது. வலது கால் கட்டைவிரலில் ஒரு துணி சுற்றியிருந்தது.

“கால்ல என்ன?”

“கல் தடுக்கிச்சு. மூணு வாரம் ஆவுது, ஆறமாட்டேங்குது.”

“பிரிச்சுக் காட்டு.”

“விடுடி.”

“காட்டுக்கா!”

விரல் பாதிவரை கறுத்துச் சிவந்து வீங்கியிருந்தது. பெற்றபிறகு ஒரு தடவையாவது சர்க்கரை பார்த்தாயா என்று அபிநயா கேட்டாள். எதுக்குப் பார்க்கணும், அதான் போயிடுமே என்றாள் ஜோதிகா, அதே வார்த்தையை மறுபடியும்.

அபிநயாவின் பையில் ஒரு சின்ன சர்க்கரை மானி இருந்தது. லேபில் தட்டுக்கு ஊற்றுகிற திரவத்தில் சர்க்கரை சரியாக இருக்கிறதா என்று பார்க்க வைத்திருப்பது. மனுஷ ரத்தத்தை அதில் அவள் பார்த்ததே இல்லை. ஜோதிகாவின் கைவிரலைத் துடைத்து ஊசியால் குத்தி, ஒரு சொட்டை வைத்தாள். ஐந்து விநாடி.

முந்நூற்றுத் தொண்ணூற்று நான்கு.

அபிநயா அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தட்டுகளில் ‘அதிகச் சர்க்கரை’ என்று ஊற்றுகிற அளவுகூட இதைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். அக்காவின் உடம்பில் தலையிலிருந்து கால்வரை ஓடுகிற ஒவ்வொரு குழாயின் உட்தரையும் இந்த நிமிஷம் பச்சையாக எரிந்துகொண்டிருக்கிறது. அந்த வைகாசியிலேயே கொடி இதைச் சொன்னது. திரும்பத் திரும்பச் சொன்னது. அவளோ ஒவ்வொரு முறையும் சாயம் சரியில்லை என்று கழுவி ஊற்றினாள். அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

“என்னாடி காட்டுது? அதிகமா?”

“கெளம்புக்கா, கொழந்தையத் தூக்கிக்கோ. காந்தி ரோடுல ஒரு சக்கரை டாக்டர் இருக்காரு. ரெண்டு மணிக்கு எழுந்து போயிடுவாரு.”

“இப்பவா? நாளைக்குப் பாக்கலாமே.”

“நாளைக்கு உங்க மாமியார் இருப்பாங்க. வரமாட்ட. இப்பவே.”

ஜோதிகா எழுந்திருக்க மனமில்லாமல் உட்கார்ந்திருந்தாள். மணி ஒன்று பத்து. அபிநயாவின் போன் அடித்தது. எல்லம்மாள்.

“அம்மாடி, கெடச்சிடுச்சு!” போனில் மூச்சு வாங்கியது. “சக்கரை இல்ல, பி.பி. இல்ல, ஒண்ணும் இல்ல, சுத்தம். கேஸ் சீட்டை நர்ஸுகிட்டச் சொல்லி ரெண்டு வாட்டி பாத்துட்டேன். மாமியார்காரி சட்டி எடுத்துக்கினு ரெடியா நிக்கிறா. அவ கால்ல விழுந்து வாங்கியிருக்கேன். அரை மணி தாங்கும். ஓடியா!”

அபிநயா ஐஸ் பெட்டியைப் பார்த்தாள். உப்புநீர்ப் பாட்டில் உள்ளே பத்திரமாக நின்றிருந்தது. பத்து நாள், ஒரு வாரம், நாலு நாள். மூன்றாவது கொடி. ஜெபகுமார் சார் கேட்ட கிராஃப். அக்காவை அப்புறம் அழைத்துப் போகலாம், நாளைக்கு எப்படியாவது… அவள் மனசு ஒரு கணம் அந்தப் பக்கம் ஓடத்தான் செய்தது. ஓடியது அவளுக்கே தெரிந்தது.

அக்கா பாயில் உட்கார்ந்து, விரலில் வந்த ரத்தத்தைப் பிள்ளைக்குத் தெரியாமல் முந்தானையில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“எல்லம்மா,” என்றாள் அபிநயா. “அந்தக் கொடியை அவங்ககிட்டயே குடுத்துடு.”

“இன்னாது?”

“குடுத்துடு. ஊருக்கு எடுத்துக்கினு போயி நல்லா ஆழமா புதைக்கட்டும். நாய் கிளறாம பாத்துக்கச் சொல்லு.”

அபிநயா போனை வைத்தாள். உடனே மறுபடி அடித்தது. இந்த முறை ஜெபகுமார் சார். அவள் எடுக்கவில்லை. ஐஸ் பெட்டியைத் திறந்து பாட்டிலை வெளியே எடுத்து ஓரமாக வைத்தாள். உள்ளே பாதி உருகிக் கிடந்த ஐஸை வாசல் சாக்கடையில் கொட்டினாள். டாக்டர் இன்சுலின் எழுதினால் திரும்பி வரும்போது வைத்துக்கொண்டுவர அந்தப் பெட்டிதான் வேண்டியிருக்கும், புது ஐஸ் வழியில் வாங்கிக்கொள்ளலாம்.

“யாருடி போன்ல? யார் கொடியை யாருக்குக் குடுக்கச் சொன்ன?” ஜோதிகாவின் குரல் மாறியிருந்தது. “அபி, அப்ப என்னுது உனக்கு ஒண்ணுத்துக்கும் ஒதவலையா?”

அபிநயா குனிந்து அக்காவின் செருப்பை எடுத்தாள். புண் இருந்த விரலில் படாமல், வாரை ஒரு கையால் தூக்கிப் பிடித்து மாட்டிவிட்டாள். பதில் சொல்ல வாயைத் திறந்தாள், அழுகைதான் முதலில் வந்தது.

“ஒதவிச்சுக்கா,” என்றாள். “எனக்குத்தான் ரொம்ப லேட்டாப் புரிஞ்சுது. ஏந்திரு.”